நம் குடும்ப மரம் எந்த மன்னன் வரை போகும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் கேட்கும் கேள்வி, "இதை வைத்து வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்பது. பாட்டு, படம், கடிதம், கணக்கு எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். அதற்கு மேல், உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அது உங்கள் குடும்பத்தின் வம்சாவளியை எழுதி வைப்பது. இதற்கான இலவச சாப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது, எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி முக்கியமானது. புளியந்தோப்பில் எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு வந்தார். "தம்பி, இதைப் பெரிசா கலர்ல பிரிண்ட் எடுத்துக் கொடு. பொண்ணு கல்யாணத்துல மண்டபத்து வாசல்ல வைக்கணும்" என்றார். திறந்து பார்த்தேன். யாரோ தயாரித்துக் கொடுத்த வம்சாவளிப் படம். உச்சியில் ஒரு பாண்டிய மன்னன், பக்கத்தில் "கிரேக்கர் காலம்" என்ற குறிப்பு. அங்கிருந்து தலைமுறைக்கு ஓர் ஆண் வீதம் ஏறத்தாழ 90 பெயர்கள், கடைசியில் அண்ணனின் பெயர். அவருடைய அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. 84 வயதான அந்த அம்மா இன்றும் எல்லா உறவுகளையும் பெயர் சொல்லி விசாரிப்பவர்.

இப்படி ஒரு படம் சாத்தியமா? முதலில் அதைச் சோதித்துவிடுவோம். பிறகு சாப்ட்வேருக்கு வருவோம்.

எக்ஸெலில் ஒரு சின்னக் கணக்கு

எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

1. ஏ1 கட்டத்தில் "தலைமுறை", பி1 கட்டத்தில் "முன்னோர்" என்று டைப் செய்யுங்கள்.

2. ஏ2இல் 1, ஏ3இல் 2 என்று கொடுங்கள். இரண்டு கட்டங்களையும் சேர்த்து செலக்ட் செய்து, கீழ் வலது மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து 92ஆவது வரிசை வரை இழுங்கள். 91 வரை எண்கள் தாமாக வந்துவிடும்.

3. பி2இல் =2^ஏ2 என்ற பார்முலாவைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். (ஏ, பி என்பவற்றைக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும்.) பிறகு பி2இன் மூலையில் உள்ள சதுரத்தை டபுள் கிளிக் செய்யுங்கள்.

நமக்கு அப்பா அம்மா 2 பேர், தாத்தா பாட்டி 4 பேர், அடுத்து 8 பேர். ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகும். 10ஆம் தலைமுறையில் 1,024 பேர். 20இல் 10 லட்சத்தைத் தாண்டும். 33ஆம் தலைமுறையில் 858 கோடிக்கு மேல். இன்று உலகத்தில் உள்ள மொத்த ஜனத்தொகையைவிட இது அதிகம். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், 33 தலைமுறை என்பது சுமார் 825 ஆண்டுதான். 91ஆம் வரிசையில் எக்ஸெல் முழு எண்ணைக் காட்ட இடமில்லாமல் இ+27 என்று முடியும் ஓர் எண்ணைக் காட்டும். புள்ளியை 27 இடம் வலதுபுறம் தள்ள வேண்டும் என்பது அதன் பொருள். அவ்வளவு மனிதர்கள் இந்த பூமியில் பிறந்ததே இல்லை.

பார்முலா சரிதான். ஆனால் ஒரே முன்னோர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறார் என்பது இதன் விளக்கம். நம் ஊரில் இது புரிவது எளிது. மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குத் தாத்தா பாட்டிகளின் பெற்றோர் 8 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 6 பேர்தான் இருப்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, ஆண் வழியை மட்டும் காட்டும் படம் ஐந்தாம் தலைமுறையிலேயே 32 பேரில் ஒருவரைத்தான் காட்டுகிறது. மற்ற 31 பேரும் நம் முன்னோர்தான். இரண்டு, பழைய மன்னன் ஒருவனின் சந்ததி அறுபடாமல் தொடர்ந்திருந்தால், அது ஒரே குடும்பத்திலோ ஒரே சாதியிலோ நின்றிருக்காது. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகமும் அமெரிக்காவின் ஹார்வர்டும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய மக்கள் சுமார் 4,200 ஆண்டுகளிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பெருமளவில் ஒருவரோடு ஒருவர் கலந்தார்கள் என்றும், அதன் பிறகுதான் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்றும் காட்டியது. கிரேக்கர் காலம் அந்தக் கலப்பு நடந்துகொண்டிருந்த காலத்துக்குள்ளேயே வருகிறது.

ஆக, மன்னனின் ரத்தம் நம்மிடம் இருக்கலாம். பெயர் பெயராகச் சங்கிலி போட்டுக் காட்ட முடியுமா என்பது வேறு கேள்வி.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஐந்து கிரேக்க மன்னர்கள் வருகிறார்கள். அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மகஸ், அலெக்சாண்டர். (இந்த அலெக்சாண்டர், இந்தியாவுக்குப் படையெடுத்து வந்தவர் அல்ல.) அதே கல்வெட்டில் சோழர், பாண்டியர் என்று நம்மவர்களும் வருகிறார்கள். 2ஆம் பாறைக் கல்வெட்டில் இவர்களோடு கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் ஆகியோரும் உண்டு.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கிரேக்கர்களுக்கு ஆளின் பெயர் இருக்கிறது. சோழருக்கும் பாண்டியருக்கும் குலப் பெயர் மட்டுமே இருக்கிறது. எந்தச் சோழன், எந்தப் பாண்டியன் என்று இல்லை. சத்தியபுத்திரர் யார் என்பதே பல காலம் விவாதமாக இருந்தது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டில் "சதியபுதோ" என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. அதன் பிறகுதான் அது அதியமான் குலம் என்பது உறுதிப்பட்டது. அப்போதும் அசோகர் காலத்தில் இருந்த அதியமானின் சொந்தப் பெயர் தெரியவில்லை. வம்சாவளியின் உச்சிக் கட்டத்தில் டைப் செய்யவே பெயர் இல்லை என்பதுதான் நிலைமை.

சரி, பெயர் தெரிந்த கிரேக்க மன்னர்களின் வழி தொடர்கிறதா? எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்தின் கடைசி அரசி கிளியோபாட்ரா கி.மு. 30இல் இறந்தார். அவருடைய மகள் செலீனி, வட ஆப்பிரிக்காவில் மொரிட்டானியாவின் அரசர் ஜூபாவை மணந்தார். அவர்களின் மகன் தாலமி, ரோமப் பேரரசர் கலிகுலாவின் உத்தரவால் கி.பி. 40இல் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு உறுதியான சான்றோடு யாரையும் தொடர முடியவில்லை. ஐரோப்பிய அரச குடும்பங்களே ஷார்லமேன் காலம் வரையிலோ அதற்குச் சற்று முன்பு வரையிலோதான், அதாவது 1,200 முதல் 1,400 ஆண்டு வரைதான் ஓரளவு உறுதியாகப் போக முடிகிறது.

விதிவிலக்காகச் சொல்லத்தக்கது சீனாவின் கன்பூசியஸ் குடும்பம். அவர் கி.மு. 479இல் இறந்தவர். அவருடைய வம்சாவளிப் புத்தகத்தின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. வம்சாவளிப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்ததும், அரசாங்கம் அந்தக் குடும்பத்துக்குப் பட்டமும் மானியமும் கொடுத்து வந்ததும் இதற்குக் காரணங்கள்.

"டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் தெரியாதா?" என்று கேட்பீர்கள். மன்னனின் டிஎன்ஏ நம்மிடம் இருந்தால்தானே ஒப்பிட முடியும்? மேலும் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிதான் பிள்ளைக்குப் போகிறது. 10 தலைமுறைக்கு முந்தைய 1,024 பேரில் கணிசமானவர்களின் டிஎன்ஏ நம் உடலில் துளிகூட இருக்காது. பாகிஸ்தானின் சித்ரால் மலைப் பகுதியில் வாழும் கலாஷ் மக்கள் அலெக்சாண்டரின் வீரர்களுடைய சந்ததி என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்தது. 2015இல் வெளியான மரபணு ஆய்வில் அதற்கான அடையாளம் கிடைக்கவில்லை.

பாண்டியன் கேட்ட ஆதாரம்

வம்சாவளி பற்றிய வழக்கு ஒன்று நம் பாண்டிய நாட்டிலேயே நடந்திருக்கிறது. வேள்விக்குடிச் செப்பேட்டில் அது இருக்கிறது. காலம் 8ஆம் நூற்றாண்டு. மதுரையில் உலா வந்த நெடுஞ்சடையன் என்ற பாண்டியனிடம் நற்சிங்கன் என்பவர் முறையிட்டார். "என் முன்னோர் நற்கொற்றனுக்கு உங்கள் முன்னோர் முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்குடி என்ற ஊரைக் கொடுத்தார். களப்பிரர் வந்து பறித்துக்கொண்டார்கள். திருப்பித் தர வேண்டும்" என்பது அவர் வாதம். மன்னன் சிரித்துவிட்டு, அந்தப் பழமைக்குச் சான்று காட்டிப் பெற்றுக்கொள்ளச் சொன்னான். அவர் காட்டினார், ஊரைப் பெற்றார்.

அதே செப்பேட்டில் மன்னனின் சொந்த வம்சாவளியும் இருக்கிறது. கடுங்கோன் தொடங்கி நெடுஞ்சடையன் வரை ஏழு தலைமுறை. ஆனால் முதுகுடுமிக்கும் கடுங்கோனுக்கும் நடுவே யார் யார் என்று பெயர் வரிசை இல்லை. களப்பிரர் காலம் என்ற இடைவெளிதான் இருக்கிறது. அரண்மனையும் எழுத்தர்களும் வைத்திருந்த பாண்டியனே, 1,200 ஆண்டுகளுக்கு முன்பு நிரப்பாமல் விட்ட இடம் அது. அந்த இடத்தை இன்று ஒருவர் வரிசையாகப் பெயர் போட்டு நிரப்பித் தருகிறார் என்றால், எங்கிருந்து எடுத்தார் என்று கேட்க வேண்டும். அண்ணனின் படத்தில் ஒரு பெயருக்கும் ஆதாரம் குறிக்கப்படவில்லை.

கம்ப்யூட்டர் நாம் டைப் செய்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அழகாக பிரிண்ட்டும் எடுத்துத் தரும். உண்மையா என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

கிராம்ப்ஸ்: இலவச சாப்ட்வேர்

இனி நம் வேலையைத் தொடங்கலாம். வம்சாவளி எழுதுவதற்கு நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ். இது ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். தமிழ் யூனிகோடில் பெயர்களை டைப் செய்யலாம். விண்டோஸ் 10, 11இல் "செட்டிங்ஸ்" சென்று "டைம் அண்ட் லாங்குவேஜ்" பகுதியில் தமிழைச் சேர்த்துக் கொண்டால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

1. கிராம்ப்ஸ் ப்ராஜெக்டின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. "பேமிலி ட்ரீஸ்" மெனுவில் "மேனேஜ் பேமிலி ட்ரீஸ்" கிளிக் செய்யுங்கள். "நியூ" பட்டனை அழுத்தி, குடும்பத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, "லோடு பேமிலி ட்ரீ" கொடுங்கள்.

3. இடதுபுறம் "பீப்பிள்" தேர்வு செய்து, மேலே உள்ள பிளஸ் அடையாளத்தை கிளிக் செய்யுங்கள். முதலில் உங்களைச் சேருங்கள். எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். மன்னனிலிருந்து கீழே இறங்கக் கூடாது.

4. "கிவன்" கட்டத்தில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் "சர்நேம்" கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயரைக் கொடுக்கலாம். "கே." "எம்." என்று இனிஷியலோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு தலைமுறையின் பெயர் இருக்கிறது. அது எந்தப் பெயர் என்பது பேரன் காலத்தில் யாருக்கும் தெரியாது.

5. "பேமிலீஸ்" பகுதியில் பிளஸ் கொடுத்து அப்பா, அம்மா, பிள்ளைகளை இணையுங்கள். அத்தைகள், சித்திகள் என்று பெண்கள் எல்லோரையும் சேருங்கள். "சார்ட்ஸ்" கிளிக் செய்தால் மரம் தெரியும்.

6. சரியான பிறந்த தேதி தெரியாவிட்டால் ஊகித்துப் போடாதீர்கள். ஆண்டுக்கு முன்னால் "சுமார்" என்று பொருள்படும் "அபவுட்" என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் கிராம்ப்ஸ் புரிந்துகொள்ளும். "முன்", "பின்" என்பதற்கு "பிபோர்", "ஆப்டர்".

7. ஒவ்வொருவரின் விண்டோவிலும் "சோர்ஸ் சைட்டேஷன்ஸ்" என்ற டேப் இருக்கும். தகவல் எங்கே கிடைத்தது என்பதை அதில் எழுதுங்கள். அங்கே "கான்பிடன்ஸ்" என்று ஐந்து படிகள் உண்டு. நான் வைத்திருக்கும் விதி இது: சான்றிதழ், பத்திரம் என்றால் "ஹை". நேரில் பார்த்தவர் சொன்னது "நார்மல்". கேள்விப்பட்டது "லோ". ஒன்றும் இல்லை என்றால் பெயரையே சேர்ப்பதில்லை.

8. "டூல்ஸ்" மெனுவில் "வெரிபை த டேட்டா" என்ற வசதி இருக்கிறது. பிள்ளை பிறந்தபோது தாய்க்கு வயது 9 என்று வருவது போன்ற தவறுகளை இது பட்டியல் போட்டுக் காட்டும்.

எங்கே தேடுவது?

முதலில் பெரியவர்கள். மொபைலில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுப் பேச விடுங்கள். அண்ணனின் அம்மாவிடம் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். 41 பெயர்கள், 6 ஊர்கள் கிடைத்தன. நான்கு தலைமுறை முழுசாக வந்துவிட்டது. அண்ணனுக்கே தெரியாத இரண்டு பெரியம்மாக்கள் அதில் இருந்தார்கள்.

ஆண்டு தெரியாதவர்களிடம் சம்பவத்தைக் கேளுங்கள். "எம்டன் குண்டு போட்டப்போ எங்க ஆத்தா கைக்குழந்தை" என்றால் அது செப்டம்பர் 1914. சென்னையைக் காலி செய்து ஜனங்கள் ஓடியது 1942. பெருவெள்ளம் வந்தது 1943. அண்ணா மறைந்தது பிப்ரவரி 1969.

அடுத்து வீட்டிலுள்ள காகிதங்கள். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர்கள் இருக்கும். மொய் நோட்டில் உறவினர் பெயரோடு ஊரும் இருக்கும். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்பது பூர்வீகத்துக்கு நல்ல துப்பு. வட சென்னைக்காரர்கள் மில் டிக்கெட், பி.எப். காகிதம், ஹார்பர் அல்லது ரயில்வே பென்ஷன் ஆர்டர் ஆகியவற்றைத் தேடலாம். 1996இல் பின்னி மில் மூடப்பட்டபோது வாங்கிய காகிதங்கள் பல வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம்களுக்கு நிக்காஹ் பதிவேடு உதவும். 2025 கடைசியில் நடந்த வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது நாம் எல்லோரும் தேடிய 2002, 2005 பட்டியல்களில் வயது, கதவு எண், தந்தை அல்லது கணவர் பெயர் இருக்கும். சொந்த ஊரில் நிலம் இருந்தால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

என் அப்பாவின் பாட்டியை எல்லோரும் "ஆயா" என்றே சொல்வார்கள். பெயர் யாருக்கும் நினைவில்லை. பழைய ரேஷன் கார்டு ஒன்றை ஸ்கேன் செய்யும்போதுதான் குப்பம்மாள் என்று தெரிந்தது. என் மரத்தில் 63 பேர் இருக்கிறார்கள். மேலே ஐந்தாம் தலைமுறையில் இரண்டு பேருக்குத்தான் பெயர் உண்டு. மற்ற கட்டங்கள் காலி. அதற்கு மேலே நான் போகவில்லை.

சாதாரண ஜனங்களுக்கு ஆவணமே இருக்காது என்று நினைக்க வேண்டாம். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்கா புறப்பட்டது. நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேர் இறங்கினார்கள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம் என்று எழுதப்பட்டது. அந்தப் பட்டியல்கள் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டதால், டர்பனில் உள்ள பேரப்பிள்ளைகள் இன்று நம் ஊர்களைத் தேடி வருகிறார்கள். மன்னனின் பரம்பரைக்குக் கிடைக்காத ஆதாரம் இந்தக் கூலிகளின் பரம்பரைக்குக் கிடைத்திருக்கிறது. காரணம், யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தார்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் எங்கள் பகுதிக்குத் தெரியும். 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிக்கப்பட்டன. உள்ளே இருந்த காகிதங்களை யார் கணக்கெடுத்தார்கள்? இன்றும் பெருமழை பெய்தால் தரையில் உள்ள பெட்டிகளில்தான் தண்ணீர் முதலில் ஏறும்.

சேமிக்கும்போது கவனிக்க வேண்டியவை

* காகிதங்களை 300 டிபிஐயிலும், சிறிய பழைய போட்டோக்களை 600 டிபிஐயிலும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் மொபைலில் எடுங்கள். "கேலரி" டேபில் படத்தைச் சேர்க்கலாம்.

* "பேமிலி ட்ரீஸ்" மெனுவில் "மேக் பேக்கப்" கொடுத்து, ஒரு காப்பியைப் பென் டிரைவில் போட்டு வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள்.

* வேறு சாப்ட்வேருக்கு மாற்ற "எக்ஸ்போர்ட்" சென்று ஜெட்காம் என்ற வகையில் சேவ் செய்யுங்கள். வம்சாவளி சாப்ட்வேர்கள் அனைத்துக்கும் பொதுவான பைல் வகை இது.

* உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர், ஆதார் ஆகியவற்றை இன்டர்நெட்டில் ஏற்றாதீர்கள். கிராம்ப்ஸில் பூட்டு அடையாளத்தை கிளிக் செய்து ஒருவரை "பிரைவேட்" ஆக்கலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது அவர்களை விட்டுவிடும் வசதியும் உண்டு.

சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய பத்து நிமிடம் போதும். அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமை போய், அவருடைய பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.